வீட்டு முற்றத்தில் பீட்டில் எஞ்சினை இறக்குவது: முழுமையான வழிகாட்டி

பழைய கார்களில் எஞ்சினை வீட்டிலேயே இறக்கிப் பழக வேண்டுமென்றால் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைவிட நல்ல கார் கிடையாது. நான்கே இடங்களில்தான் எஞ்சின் கியர் பாக்ஸோடு பிடிக்கப்பட்டிருக்கிறது. மேலே இரண்டு போல்ட்டு, கீழே இரண்டு நட்டு, நான்கும் 17 மி.மீ. எஞ்சினுக்கென்று தனி மவுண்டு இல்லை. ரேடியேட்டர் இல்லை, வடிக்கத் தண்ணீர் இல்லை. மேலிருந்து தூக்கக் கிரேனும் வேண்டாம், அடிவழியாகவே இறங்கிவிடும். கிளட்ச் கேபிளும் ஸ்டார்ட்டர் மோட்டாரும்கூட கியர் பாக்ஸிலேயே தங்கிவிடுகின்றன.

இத்தனை எளிது என்பதால்தான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். நான்கு நட்டைக் கழற்றுவது யாராலும் முடியும். காரைப் போதுமான உயரத்தில் அசையாமல் நிறுத்துவதும், எஞ்சினைக் கோணாமல் நேராகப் பின்னால் இழுப்பதும்தான் இந்த வேலையின் உயிர். உயரம், நேர்கோடு. இந்த இரண்டையும் பற்றி நிறையவே சொல்லப்போகிறேன். மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கார் அந்நியமானது இல்லை. உய்ட்டன்ஹேக் தொழிற்சாலையில் 1951 முதல் 1979 வரை பீட்டில் தயாரானது. அந்த ஊருக்கு 2021-இல் கரியேகா என்று பெயர் மாறிவிட்டது, கார்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், வெருலம் என்று டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் எந்தப் பக்கம் போனாலும், அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய ஒரு ஃபோல்க்ஸி ஏதாவது ஒரு வீட்டு கராஜில் துணி போர்த்தி நிற்கும். மெக்சிகோவில் 2003 வரை பீட்டில் தயாரித்துக்கொண்டே இருந்ததால் உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. அப்படி ஒரு கார் உங்கள் வீட்டில் இருந்தால், அதை மீட்க நினைக்கும் உங்களுக்காகத்தான் இது.

இனி இடம், வலம் என்று சொல்வதெல்லாம் காருக்குள் முன்னோக்கி உட்கார்ந்து பார்க்கும்போது உள்ள இடமும் வலமும்.

இறக்கத்தான் வேண்டுமா?

கிளட்ச் மாற்ற, ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீல் மாற்ற, எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க, எஞ்சின் அறையில் துரு எடுத்துப் பெயின்ட் அடிக்க: இவற்றுக்கு இறக்கியே ஆக வேண்டும். கார்புரேட்டர், டைனமோ, பெட்ரோல் பம்ப், வால்வு இடைவெளி ஆகியவற்றுக்கு இறக்க வேண்டியதில்லை.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஒழுகினால், இறக்குவதற்கு முன் அதை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கந்தகம் போல் குப்பென்று நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில். கியர் பாக்ஸின் தண்டு சீலிலிருந்து வருகிறது. கருப்பாக, நாற்றம் இல்லாமல் இருந்தால் எஞ்சின் ஆயில். எஞ்சின் கீழே வந்தபின் எந்த சீலை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும். எதற்கும் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விலை குறைவு, இன்னொரு தடவை இறக்கும் வேலையோ பெரிது.

எஞ்சின் எண்ணையும் இப்போதே சரிபாருங்கள். டைனமோ உட்கார்ந்திருக்கும் தாங்கிக்குக் கீழே, எஞ்சினின் உடலான கிராங்க் கேஸில் பொறித்திருக்கும். அது பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வேறு கிராங்க் கேஸ் போடும் எண்ணம் இருந்தால், போலீஸ் சான்று வாங்கிப் பதிவை மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இடமும் காலமும்

சமதளம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாட்ஸ்வர்த்தில் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்பவை, வாசலில் கார் நிறுத்தும் இடமே சரிந்திருக்கும். அந்தச் சரிவில் காரை, அதைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாலும் சரி. வீட்டில் சமதளம் இல்லையென்றால், உறவினர் வீட்டில் சமமான கான்கிரீட் தரை உள்ள கராஜைக் கேட்டு வாங்குங்கள். மண் தரையும் தார்த் தரையும் வேண்டாம். வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் மெல்ல உள்ளே இறங்கும்.

டர்பன் பக்கம் இந்த வேலைக்கு ஏற்ற காலம் ஜூன், ஜூலை. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. கோடையில் திறந்த இடத்தில் எஞ்சினைப் பிரித்து வைத்தால், துடைத்து வைத்த ஃப்ளைவீலின் முகத்தில் மறுநாளே துரு பூக்கும்.

வேலையின் நடுவில் மின்சாரம் போனாலும் கை நிற்கக் கூடாது, அதனால் சார்ஜ் செய்த விளக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகச் சரிவில் இறங்கிப் போய், நாம் நினைக்காத இடத்தில் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். பக்கத்து வீட்டில் சனிக்கிழமை இறைச்சி சுட பிராய் அடுப்பு மூட்டியிருந்தால், பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

நெருப்பைப் பற்றி இன்னொன்றும் உண்டு. பீட்டில் எஞ்சினின் கிராங்க் கேஸ் மக்னீசியம் கலவை. பெட்ரோல் தீ அதைப் பற்றவைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இன்னும் சீறும். ஆகவே பெட்ரோல் தீயை ஆரம்பத்திலேயே அடக்க வேண்டும். உலர் பவுடர் தீயணைப்பான், 4.5 கிலோ அளவில் ஒன்று, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு வாளி உலர்ந்த மணலும் இருக்கட்டும். உலோகமே எரியத் தொடங்கிவிட்டால் எல்லோரும் விலகி, தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

கருவிகள்

10, 13, 17 மி.மீ. ரிங் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும், நீளமும் குட்டையுமாகத் தட்டை ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு வைஸ் கிரிப், குறைந்தது 2 டன் தூக்கும், சக்கரம் வைத்த தள்ளு ஜாக்கி, உயரமான ஸ்டாண்டு இரண்டு. 17 மி.மீ. ஸ்பேனர் இரண்டு வேண்டும், ஒன்று மேலே இருப்பவருக்கு, ஒன்று அடியில் இருப்பவருக்கு. ஃப்ளைவீலைக் கழற்றும் எண்ணம் இருந்தால் 36 மி.மீ. சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும். ஒன்றரை அங்குலத் தடிமனில் ஓரடிச் சதுரமாக ஒரு பலகை. வயர்களுக்குப் பெயர் எழுத டேப்பும் பேனாவும். செல்போன் கேமரா.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். எஞ்சின் ஏறக்குறைய 110 கிலோ. தனியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடல் காற்றில் வாழ்ந்த கார் என்றால், வேலைக்கு இரண்டு நாள் முன்பே நான்கு நட்டு போல்ட்டுகளிலும் தகரத் தட்டுகளின் திருகுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை அடியுங்கள். டர்பன் கார்களில் இதுதான் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

காரை உயர்த்துவது

பீட்டிலின் பின் பம்பருக்குக் கீழே உள்ள ஏப்ரன் தகரம் பற்றவைக்கப்பட்டது, கழற்ற வராது. எஞ்சின் முழுவதும் அதற்கு அடியில் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். எஞ்சினின் அடித்தட்டிலிருந்து மேலே மிக உயரமான பாகம் வரை அளந்துகொள்ளுங்கள். அதோடு, ஜாக்கியை முழுக்க இறக்கினால் அதன் தலை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதையும், பலகையின் தடிமனையும், நான்கு விரல் இடைவெளியையும் கூட்டுங்கள். ஏப்ரனின் அடிவிளிம்பு தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் 90 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய 2 டன் ஸ்டாண்டு இந்த உயரத்துக்கு எட்டாது. அதற்கு அடியில் செங்கலோ கட்டையோ வைத்து உயர்த்தும் பழக்கத்தைப் பல முற்றங்களில் பார்க்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். காருக்கு அடியில் படுக்கப்போவது நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். 6 டன் ஸ்டாண்டு கேட்டு வாங்குங்கள், அல்லது தெரிந்த ஒர்க்ஷாப்பில் இரண்டு நாளுக்கு இரவல் வாங்குங்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் எஞ்சினின் உயரத்தைக் குறைக்கலாம். கார்புரேட்டர், டைனமோ, மின்விசிறியை மூடியிருக்கும் பெரிய தகரக் கூடு ஆகியவற்றை, எஞ்சின் காரில் இருக்கும்போதே மேல்வழியாக எடுத்துவிடுங்கள். அப்போது தேவைப்படும் உயரம் கணிசமாகக் குறையும். கூட்டைத் தூக்குமுன் எஞ்சினின் வலப்பக்க அடியில் உள்ள தெர்மோஸ்டாட்டைக் கழற்ற மறக்க வேண்டாம்; அது பிடித்துக்கொண்டிருக்கும்வரை கூடு மேலே வராது.

ஸ்டாண்டை எங்கே வைப்பது? பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால், காரின் குறுக்கே ஒரு தடித்த குழாய் ஓடும். பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் குழாயின் இரு முனைகளுக்கும் அடியில் ஒவ்வொன்று. காரின் பக்கவாட்டில் கம்பெனி கொடுத்த ஜாக்கிக்கென்று துளைகள் இருக்கும், அவற்றை நம்ப வேண்டாம். கடற்கரை ஊர்க் கார்களில் முதலில் துருப்பிடிப்பதே அந்த இடம்தான். ஜாக்கி ஏறும், கார் ஏறாது. பதிலாக, கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மரத்துண்டு கொடுத்துத் தள்ளு ஜாக்கியால் தூக்குங்கள். எஞ்சினின் அடித்தட்டில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கவே கூடாது.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கம் அந்தரத்தில் இருக்கும்போது அதனால் பயனில்லை. ஒரே மூச்சில் முழு உயரத்துக்கும் தூக்காமல், கொஞ்சம் தூக்கி இரு ஸ்டாண்டையும் ஒரே பல்லில் நிறுத்தி, மறுபடி தூக்கி அடுத்த பல்லுக்குப் போங்கள். உயரம் வந்தபின் பம்பரைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். சற்றே ஆடினாலும் இறக்கி மறுபடி வையுங்கள். ஆடாமல் நின்றபிறகுதான் அடியில் போக வேண்டும்.

மேலிருந்து கழற்ற வேண்டியவை

பின் சீட்டைத் தூக்கி பேட்டரியைக் கழற்றுங்கள். பாடியோடு சேரும் எர்த் பட்டை முதலில். பீட்டிலில் அது நெகட்டிவ். பேட்டரியின் மேல் மூடி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டுத் தீப்பிடித்த பீட்டில்கள் உண்டு. மூடி இல்லையென்றால் திரும்பப் பூட்டும்போது ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஆயிலை வடித்துவிடுங்கள். ஏறக்குறைய 2.5 லிட்டர் வரும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய ஆயிலைச் சேகரிக்கும் ரோஸ் ஃபவுண்டேஷனின் தொட்டிகள் நாடெங்கும் இருக்கின்றன, பல பெட்ரோல் பங்க்குகளிலும் ஒர்க்ஷாப்புகளிலும் வாங்கிக்கொள்வார்கள்.

வயர்களைத் தொடுமுன் நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வயரிலும் டேப் சுற்றி, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். டைனமோவில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. சில மாடல்களில் ரெகுலேட்டர் டைனமோ மேலேயே இருக்கும், சிலவற்றில் பின் சீட்டுக்கு அடியில். காயிலின் 15 என்று எண் போட்ட முனை, கார்புரேட்டரின் ஆட்டோமேட்டிக் சோக், ஐட்லிங் வால்வு, இடப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்ச். ரிவர்ஸ் விளக்கு உள்ள கார்களில் அதன் வயரும் காயில் பக்கமாகவே வரும். ஐம்பது வருடத்தில் எத்தனை கைகள் எத்தனை வயரை மாற்றி ஒட்டியிருக்குமோ தெரியாது. ஆகவே புத்தகத்து நிறங்களைவிட உங்கள் டேப்பையே நம்புங்கள்.

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு கார்புரேட்டரின் வாயில் சுத்தமான துணி அடையுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கேபிளை உருவுங்கள். அது விசிறிக் கூட்டின் ஊடாக ஒரு குழாய் வழியாக வருகிறது. எஞ்சின் பின்னால் போகும்போது தடையில்லாமல் உருவிக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். அந்தத் திருகோடு உள்ள சிறு உருளையைக் கையோடு ஒரு டப்பாவில் போடுங்கள். கீழே விழுந்தால் கிடைக்காது.

கடைசியாக, பின்பக்கத் தகரத் தட்டுகளைக் கழற்றுங்கள், விசிறிக் கூட்டிலிருந்து கீழே போகும் காற்றுக் குழாய்களையும் எடுங்கள். தட்டை வளைக்காமல் எடுப்பது முக்கியம். எஞ்சின் அறையின் மேல் காற்றையும் கீழே உள்ள சூட்டையும் பிரிப்பவை இந்தத் தட்டுகளும் அவற்றின் ஓர ரப்பரும்தான். டர்பன் வெயிலில் ஒரு தட்டு இல்லாமல் ஓட்டினால், எஞ்சின் தான் கக்கிய சூட்டையே திரும்ப மூச்சிழுக்கும்.

அடியில்: பெட்ரோலும் ஹீட்டரும்

பெட்ரோல் டேங்க் முன்பக்கம் உள்ளது. காரின் பின்பக்கம் தூக்கியிருந்தாலும், டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தால் குழாயைக் கழற்றியதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும் நாளில் வேலையைத் தொடங்குங்கள். கியர் பாக்ஸ் பக்கம் இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் குழாய் தொடங்கும் இடத்தில், முதலில் ரப்பரை வைஸ் கிரிப்பால் நெரித்துப் பிடியுங்கள். அப்புறம் எஞ்சின் பக்கத்து முனையை உருவி, டேங்க் பக்கத்து முனையில் பொருத்தமான போல்ட்டு ஒன்றைச் செருகி கிளிப் போடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இந்த வேலையில் முகம் குழாய்க்கு நேர் கீழே இருக்கும்.

அந்த ரப்பர் குழாய் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் திரும்பப் பூட்டும்போது புதிதுதான் போட வேண்டும். பீட்டில்கள் எரிவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று வெடித்துப்போன பழைய பெட்ரோல் குழாய்.

ஹீட்டர் பெட்டிகள் இருந்தால் இருபுறமும் ஒவ்வொரு கேபிளும், பாடிக்குப் போகும் ஒவ்வொரு மடிப்புக் குழாயும் உண்டு, கழற்றிவிடுங்கள். கடலோர நேட்டாலில் ஹீட்டர் யாருக்கும் தேவைப்படுவதில்லை என்பதால் பல கார்களில் அவற்றை எடுத்துவிட்டு வெறும் புகைக்குழாய் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

நான்கு 17 மி.மீ.

முதலில் கீழே உள்ள இரண்டு நட்டு. எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகளில், கியர் பாக்ஸ் பக்கமாக இருக்கும். அடியில் படுத்தால் கைக்கு எட்டும், கழற்றிவிடுங்கள்.

இப்போது அடியிலிருந்து வெளியே வந்து, பலகை வைத்த தள்ளு ஜாக்கியை எஞ்சினுக்கு அடியில் நுழையுங்கள். வட்டமான ஆயில் வலைத்தட்டு பலகையின் நடுவில் வரட்டும். பலகை எஞ்சினைத் தொட்டு லேசாக அழுத்தும் வரை மட்டும் ஏற்றுங்கள். பக்கங்களில் தெரியும் மெல்லிய குழாய்கள் எதிலும் பாரம் விழக் கூடாது. அவற்றுக்குள் வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் ஓடுகின்றன, நசுங்கினால் ஆயில் ஒழுகும்.

மேல் போல்ட்டுகள்தான் கைக்குச் சோதனை. விசிறிக் கூட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கண்ணால் பார்க்காமல் தடவித்தான் நட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வலப்பக்கப் போல்ட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிந்தைய மாடல்களில் அதன் தலை ஒரு பக்கம் வெட்டியதாக இருக்கும், தானாகச் சுற்றாது. இடப்பக்கம் பழைய கார்களில் நட்டு எஞ்சின் பக்கமும் தலை கியர் பாக்ஸ் பக்கமும் இருக்கும். அடியில் இருப்பவர் தலையைப் பிடிக்க, மேலே இருப்பவர் நட்டைச் சுற்ற வேண்டும். எழுபதுகளின் கார்களில் நட்டு எஞ்சினோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் போல்ட்டை கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து சுற்றுங்கள். இந்த இரண்டு போல்ட்டையும் எடுக்கும்போது அடியில் இருப்பவர் உடம்பு எஞ்சினுக்குக் கீழே இருக்கக் கூடாது, கை மட்டும் பக்கவாட்டிலிருந்து நுழைய வேண்டும். கடைசிப் போல்ட்டு வருமுன் அவர் வெளியே வந்துவிட வேண்டும்.

பின்னால் இழுப்பது

இப்போது எஞ்சின் எதிலும் பூட்டப்படவில்லை, ஆனால் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் இன்னும் நுழைந்தபடியே இருக்கிறது. இந்த வேலையில் நிதானிக்க வேண்டிய இடம் இது. ஜாக்கி சற்றுத் தாழ்ந்திருந்தால் எஞ்சினின் பாரம் முழுவதும் அந்தத் தண்டில் தொங்கும். கிளட்ச் பிளேட் வளையும், தண்டின் முனை தாங்கும் பேரிங் கெடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. பிறகு கிளட்ச் நடுங்குகிறது, கியர் விழமாட்டேன் என்கிறது என்று மாதக்கணக்கில் தேடுவீர்கள்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் விளிம்பைச் சுற்றிலும் விளக்கடித்துப் பாருங்கள். எஞ்சினைப் பிடித்து லேசாக ஆட்டினால் மயிரிழை இடைவெளி திறக்கும். மேலும் கீழும் அது ஒரே அளவா? மேலே அதிகம் திறந்திருந்தால் எஞ்சினின் பின்முனை தொங்குகிறது. ஜாக்கியைச் சற்றே ஏற்றுங்கள். கீழே அதிகம் என்றால் சற்றே இறக்குங்கள். சுற்றிலும் ஒரே அளவாக வரும்வரை இழுக்காதீர்கள். பழைய கார்களில் இரண்டு வார்ப்பும் ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்பதுண்டு. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் முகம் வெட்டுப்படும், வேண்டாம். சைலன்சரின் இரு பக்கத்தையும் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுங்கள். விட்டுவிடும்.

பிரிந்தபின் ஜாக்கியோடு சேர்த்து நேர் பின்னால், ஏறக்குறைய 10 செ.மீ. இழுக்க வேண்டும். உதவிக்கு இருப்பவர் எஞ்சினின் இரு பக்கமும் கை வைத்துச் சாயாமல் பார்த்துக்கொள்ளட்டும். யார் சொன்னால் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒருவர்தான் கட்டளை கொடுக்க வேண்டும். தண்டு கிளட்சிலிருந்து முழுக்க விடுபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஜாக்கியை இறக்க ஆரம்பியுங்கள். ஒரு விரல் அளவு இறக்கு, நிறுத்து, பார். ஆக்சிலரேட்டர் கேபிள் உருவிக்கொண்டதா? மறந்த வயர் ஏதாவது இழுபடுகிறதா? பக்கத் தகரங்கள் பாடியில் மாட்டுகின்றனவா? ஏதாவது மாட்டினால் பலம் கொடுக்காமல் மறுபடி ஏற்றி, பார்த்து, இறக்குங்கள்.

முழுக்க இறங்கியதும் ஏப்ரனுக்கு அடியில் ஜாக்கியோடு வெளியே உருட்டுங்கள். கார் இப்போது பின்பக்கம் 110 கிலோ லேசாகிவிட்டது, ஆகவே பம்பரில் சாய்வது, இடிப்பது எதுவும் கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கீழே வந்தபின் பார்க்க வேண்டியவை

எஞ்சினைத் துடைத்தவுடன் முதலில் அளக்க வேண்டியது கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம். ஃப்ளைவீலை முன்னும் பின்னும் தள்ளி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜில் பாருங்கள். 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருந்தால் சரி. அதைவிட அதிகமாக, கையால் தள்ளினாலே டக் என்று சத்தம் வரும் அளவுக்கு இருந்தால், புது கிளட்ச் போட்டு ஏற்றுவதில் பயனில்லை. எஞ்சினைப் பிரிக்கும் வேலை காத்திருக்கிறது.

கிளட்ச் வாங்கும்போது பிளேட்டின் அளவைப் பாருங்கள். பழைய 6 வோல்ட் கார்களில் 180 மி.மீ., பிந்தைய 12 வோல்ட் கார்களில் பெரும்பாலும் 200 மி.மீ. பிரஷர் பிளேட்டின் நடுவில் வளையம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸில் ஒரு குழாயின் மேல் ஓடும் வகை என்றால் வளையம் இல்லாதது. அந்தக் குழாய் இல்லாத பழைய வகைக்கு வளையம் உள்ளது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னாலும் கழற்றியதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்கு 25 நியூட்டன் மீட்டர், ஃப்ளைவீலின் நடு நட்டுக்கு ஏறக்குறைய 340. அந்த 340-ஐக் கை அளவில் முறுக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ளைவீல் தளர்ந்தால் கிராங்க் ஷாஃப்ட்டே பாழாகும்.

கியர் பாக்ஸ் வாயில் உள்ள ஸ்டார்ட்டர் தண்டின் சிறு புஷ்ஷையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஏறியபின் அதை எட்டுவது சிரமம். எஞ்சின் அறையின் ஓர ரப்பரும் அப்படித்தான்.

திரும்ப ஏற்றுவது

இறக்கியதன் நேர் எதிர்வரிசைதான். கிளட்ச் பிளேட்டை நடுப்படுத்தும் கருவியால் நேராக நிறுத்தியபின்தான் பிரஷர் பிளேட்டை முறுக்க வேண்டும். தண்டின் பற்களில் கிரீஸ் மிகக் கொஞ்சம், தடவியது தெரியாத அளவுக்கு. காரை ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, எஞ்சினை நேராக நுழைத்து, டைனமோ பெல்ட் ஓடும் கீழ்ப் புல்லியை ஸ்பேனரால் மெல்லச் சுற்றினால் பற்கள் தாமாகவே பொருந்தி உள்ளே போகும். விளிம்போடு விளிம்பு கையாலேயே முழுக்கச் சேர வேண்டும். கடைசி ஒரு செ.மீ.க்குப் போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். கூடாது, வார்ப்பின் காது உடையும். சேரவில்லையென்றால் பின்னால் இழுத்து, உயரத்தைச் சரிபார்த்து, மறுபடி நுழையுங்கள். நான்குக்கும் 30 நியூட்டன் மீட்டர் போதும்.

கிளட்ச் பெடலின் மேல்பக்கத் தளர்வு 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும்படி கேபிளைத் திருத்துங்கள். புது ஆயில் ஊற்றி, காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு காயிலைப் பூட்டி எஞ்சினை எழுப்புங்கள். ஓடும்போதே ஒருவர் பெட்ரோல் குழாயின் எல்லா இணைப்பையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், தீயணைப்பான் கையில் இருக்க. முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிச் சில கிலோமீட்டர் போதும். திரும்பி வந்து ஆறவிட்டு, நான்கு 17 மி.மீ.யையும் தட்டுகளின் திருகுகளையும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள், வால்வு இடைவெளி 0.15 மி.மீ. இருக்கிறதா என்றும் குளிர்ந்த எஞ்சினில் அளந்துவிடுங்கள்.